தங்கப்பழம் கைபடாத விருந்து

தங்கப்பழம் மூன்று வருஷமாக ஒரு வசவை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். துணி துவைக்கும்போது அதில் ஒரு வரி சேரும், அரிசி களையும்போது ஒரு வரி கழியும். வசவு முழுக்க அவளுடைய ஓரகத்தி கோமதியம்மாளுக்கு, அதாவது புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டிக்கு உரியது. நேரில் பார்த்தால் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். பார்க்கத்தான் வாய்க்கவில்லை. கோமதியம்மாள் பனவடலிசத்திரத்தில் பலசரக்குக் கடைக்காரர் பெண்டாட்டி. தங்கப்பழம் சங்கரன்கோவிலில் வாடகை சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டி. பஸ் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடலாம். ஆனால் அந்த பஸ்ஸில் இரண்டு பேருமே ஏறவில்லை.

சங்கதி இதுதான். எண்பதாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க அண்ணன் சௌந்தரபாண்டியன் பெண்டாட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். தபசு முடிந்த மறுநாள் கறி எடுத்தார்கள். தங்கப்பழம் கோலா உருண்டை பொரித்தாள். அவள் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருந்தவர். ஆகவே எல்லாரும் கோலாவில் பொரிகடலை மாவு போட்டால் இவள் ரஸ்க்கைப் பொடித்துப் போடுவாள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். பெரியத்தான் என்று அவள் கூப்பிடுகிற அந்த அண்ணன் எத்தனை தின்றார் என்று யாரும் எண்ணவில்லை, எண்ணினால் கண்பட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள். காலையில் காப்பிக்கு பன், சாயங்காலம் கேக், ராத்திரிக்குப் பரோட்டா. பேக்கரிக்காரர் மகள் உபசாரம் என்றால் கேட்கவா வேண்டும்!

ஊருக்குப் போன மனுஷனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. ஒரு மாசத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

கோமதியம்மாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். மருந்து எடுக்கிறவனிடம் கூட்டிப்போனாள். சோற்றில் இடுமருந்து கலந்து கொடுத்து ஆளை மடக்குவார்கள் என்பதும், அதை வயிற்றிலிருந்து எடுத்துவிடலாம் என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கை. எடுப்பதற்கென்றே ஆட்களும் உண்டு. அந்த ஆள் பெரியத்தானின் தொப்புளுக்கு மேலே ஒரு குழலை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினான். முடியும் மெழுகும் பிசைந்த மாதிரி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவன் வாயைத்தான் கேட்க வேண்டும். "கறியில வச்சுக் குடுத்திருக்காவ. சொந்தத்துல ஒரு பொம்பள" என்றான். கறி, சொந்தம், பொம்பளை! கோமதியம்மாளுக்கு அதற்குமேல் துப்புத் தேவைப்படவில்லை.

அந்தப் பேச்சு பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி, தங்கப்பழத்தின் தெருவில் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு முருகம்மாளுக்கும் அவளுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அதன் மேலே கிண்ணம் போகும், வரும். போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. கொஞ்சம் சீனியோ, ஒரு கொத்துக் கருவேப்பிலையோ, ஏதாவது இருக்கும். பேச்சு வந்த பிறகு தீபாவளிக்கு முறுக்கை நீட்டினால் முருகம்மாள், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு, இருக்கட்டும் தங்கம்" என்றாள். பொங்கலுக்கும் அவளுக்கு வயிறு ஒரு மாதிரியாக இருந்தது. அடுத்த தீபாவளிக்கும் அப்படியே. அதன்பிறகு கிண்ணம் சுவரேறவில்லை. தன் கை பட்டதைத் தின்ன ஒரு தெருவே பயப்படுகிறது என்பது தங்கப்பழத்துக்குத் தாங்கவில்லை. முதலில் அழுது பார்த்தாள். அழுகை ஒன்றுக்கும் உதவாததால்தான் வசவுக்கு வந்தாள்.

இப்படி இருக்க, எண்பத்து மூன்றில் சௌந்தரபாண்டியனை வேலூர் வரைக்கும் கூட்டிப்போனார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "உங்க குடலுக்குக் கோதுமை ஒத்துக்காது. மைதா, ரவை எதுவும் ஆயுசுக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். இடுமருந்தும் இல்லை, எடுமருந்தும் இல்லை. கோதுமையை நிறுத்தினார்கள், வயிறு நின்றது. கன்னத்தில் சதை போட்டதும் மனுஷன் முதலில் கேட்டது தம்பி வீட்டுக் கோலாவைத்தான். ஞாயிற்றுக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

"ஏட்டி, அண்ணன் வாராவ. பழசையெல்லாம் கிண்டாத" என்றான் சண்முகையா, தங்கப்பழத்தின் புருஷன்.

"நான் ஏன் கிண்டுதேன்? நான் எதையும் தொடவே மாட்டேன்."

அவன் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போய்விட்டான். ஆண்பிள்ளை புத்தி!

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்த நேரம் அண்ணனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பெரியத்தான் வாசலிலேயே, "தங்கம், நல்லா இருக்கியாம்மா?" என்று சிரித்தார். அவருக்கு எப்போதுமே இவள் மேல் வருத்தம் கிடையாது. பெண்டாட்டியை மீறிப் பேசத்தான் தெம்பு கிடையாது. கோமதியம்மாள் நேரே அடுக்களைக்கு வந்து ஒரு தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

"பொரிகடலை மாவு. எங்க கடைச் சரக்கு, எங்க உரல்ல இடிச்சது. கோதுமை வாடையே படல" என்றாள் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே. "ரசத்துக்குப் பெருங்காயம் போட்டுராத. அதுல மைதா சேக்காவளாம்."

"நல்லதாப் போச்சுக்கா" என்றாள் தங்கப்பழம். "கறி அந்தா இருக்கு, அடுப்பு இந்தா இருக்கு. பூராவும் நீங்களே செய்யுங்க. என் கை எதுலயும் படாது. நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்." சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்தாள்.

கோமதியம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். குழம்பு வைப்பதில் கெட்டிக்காரிதான். கோலா மட்டும் அவள் ஜென்மத்தில் செய்ததில்லை.

கொத்துக்கறியை மஞ்சளும் வத்தலும் இஞ்சி பூண்டும் போட்டு வேகவைத்தாள். கறியின் தண்ணீர் சட்டியில் சுத்தமாக வற்ற வேண்டும், கரண்டி போட்டால் கரகரவென்று சத்தம் வர வேண்டும். கோமதியம்மாள் தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிட்டாள். தங்கப்பழம் பார்த்தாள். இன்னும் வற்ற வேண்டும் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கசகசா எங்கன இருக்கு?"

"மேல் தட்டுல, மஞ்சள் டப்பா."

"எடுத்துத் தாயேன்."

"என் கை படக்கூடாதுல்லாக்கா."

கோமதியம்மாள் எழுந்து எக்கி எடுத்தாள். இந்தச் சுகம் வசவில்கூடக் கிடைத்திருக்காது. தேங்காய்க்கு ஒரு தரம், பெருஞ்சீரகத்துக்கு ஒரு தரம், தேங்காய் துருவிக்கு ஒரு தரம் என்று ஓரகத்தியை எழுப்பி உட்கார வைத்தாள் தங்கப்பழம். எல்லாவற்றையும் ஆட்டுரலில் போட்டு ஆட்டி, பொரிகடலை மாவைக் கொட்டிப் பிசைந்து, கோமதியம்மாள் ஒரு உருண்டை பிடித்தாள். அதில் குறுக்கே ஒரு வெடிப்பு. எண்ணெய் காய்ந்ததும் போட்டாள்.

கோலா எண்ணெய்க்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் பொசுக்கென்று பிரிந்து சட்டி முழுக்கக் கறியாக மிதந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது கொஞ்சம் நேரம் மானத்தோடு நின்று, பிறகு அதுவும் கரைந்தது.

"என்ன, வாசம் வருது, கோலாவக் காணும்?" என்று முன்கட்டிலிருந்து பெரியத்தான் குரல் கொடுத்தார்.

கோமதியம்மாள் கரண்டியால் எண்ணெயிலிருந்து தூள்களை அரித்துக்கொண்டே இருந்தாள். தங்கப்பழம் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், கோமதியம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

"தங்கம்" என்றாள் திரும்பாமலே. "இதச் சொல்லாம எனக்குச் சோறு இறங்காது. வேலூர்ல அந்த டாக்டர் என்ட்ட கேட்டாரு, ராத்திரிக்கு என்ன குடுக்கீங்கன்னு. சப்பாத்தின்னேன். சோறு மந்தம், சப்பாத்திதான் லேசுன்னு எங்க ஊரு கம்பவுண்டர் சொன்னாரு. மூணு வருசமா ராத்திரி தவறாம நாந்தான் சுட்டுப் போட்டிருக்கேன். அவிய வேண்டாம்பாவ. ஒங்க தம்பி பெண்டாட்டி வச்ச மருந்து முறியணும், தின்னுங்கன்னு ஊட்டிவிட்டிருக்கேன். நீ ரெண்டு நாளு குடுத்த. நான் மூணு வருசம் குடுத்திருக்கேன். அவியளக் கொல்லப் பாத்தவ நாந்தாம்ட்டி."

தங்கப்பழத்துக்குள் வசவு எழுந்து நின்றது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொண்டையில் வரிசை கட்டியது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தாள்.

"அடுப்பத் தணிங்கக்கா, எண்ணெய் புகையுது" என்றாள்.

கோமதியம்மாள் விறகை இழுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ கை வையி தங்கம். இது என் கைக்கு உருண்டையாவாது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. பொறவு ராத்திரி பெரியத்தானுக்கு வயித்த வலிச்சா?"

"வலிச்சா நான் பொறுப்பு. ஊரு பூரா நாந்தான சொன்னேன். நானே வீடு வீடாப் போயி மாத்திச் சொல்லுதேன்."

"வீடு வீடாப் போவாண்டாம். அந்தச் சொவருக்கு அங்கிட்டு ஒரு ஆளுட்ட சொல்லுங்க. அது போதும், ஊருக்குத் தானாப் போயிரும்."

கட்டிய கையைத் தங்கப்பழம் அவிழ்த்தாள். அவ்வளவு நேரம் கட்டியிருந்ததில் மரத்துப்போயிருந்தது. அரைத்த கறியை இருப்புச் சட்டியில் பரப்பி, சிறு தீயில் ஈரம் சுண்டும் வரைக்கும் கிளறினாள். ஆறவைத்து, இன்னும் இரண்டு கை பொரிகடலை மாவைத் தூவி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்திப் பிசைந்தாள். அப்பா பன்னுக்கு மாவு உருட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றது அது. மாவுக்கும் கறிக்கும் அந்தக் கை வித்தியாசம் பார்க்கவில்லை. கையிலிருந்து கைக்குத் தட்டி, வெடிப்பு மறைகிற வரைக்கும் உருட்டி, எண்ணெயில் விட்டாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கோலா உருண்டது, சிவந்தது, முழுசாக மேலே வந்தது. கோமதியம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள்.

முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து அவளே பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். சூடு நாக்கைச் சுட்டுவிட்டது. "இருக்கட்டும், எனக்கு வேணும்" என்றாள்.

இலை போட்டாயிற்று. சௌந்தரபாண்டியன் சோற்றைத் தொடவில்லை. கோலாவை எடுத்து முன்னும் பின்னும் பார்த்து, பாதியைக் கடித்தார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்றார், விழுங்கினார்.

"ரஸ்க் இல்ல. ஆனா ருசி மாறலியேலே" என்றார் தம்பியிடம். பிறகு தங்கப்பழத்தைப் பார்த்து, "அதே கைதான்" என்றார்.

சண்முகையா குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவனுக்கும் இந்த மூன்று வருஷம் வலித்திருக்கிறது என்று தங்கப்பழத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோமதியம்மாள் ஒரு கிண்ணத்தில் கோலாக்களை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். முருகம்மாளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வாசம் பிடித்துச் சுவரோரமாகத்தான் நின்றாள், பாத்திரம் கழுவுகிற சாக்கில் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டு.

"முருகம்மா, இங்க பாரு. இவ மருந்து வச்சான்னு சொன்னது நாந்தான். சொன்னது பொய்யி. எங்க வீட்டுக்காரருக்குக் கோதுமை ஆகாது, அதான் சீக்கு. டாக்டரே சொல்லிட்டாரு. இது தங்கப்பழம் கையால உருட்டுனது. அவிய தின்னாவ, நானும் தின்னேன். நீயும் தின்னு."

முருகம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். வயிறு ஒரு மாதிரியாக இருக்கிற பேச்சு அவள் உதட்டு வரைக்கும் வந்தது. தங்கப்பழம் கொல்லை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டு முருகம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். ஒரு ஓரத்தைக் கொறித்தாள். பிறகு முழுசையும் வாயில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஓரகத்திகள் இரண்டு பேரும் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உடைந்துபோன கோலாத் தூளை ரசஞ்சோற்றில் போட்டுப் பிசைந்து பங்கு வைத்துக்கொண்டார்கள். அத்தனை அருமையான வசவு வீணாய்ப் போனதில் தங்கப்பழத்துக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

கை கழுவக் கொல்லைக்கு வந்தபோது சுவர் மேலே கிண்ணம் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி கருவேப்பிலை, அப்போதுதான் ஒடித்தது. தங்கப்பழம் அதை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அழுகை வந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் முருகம்மாள் இருமினாள்.

"தங்கம், வார தீவாளிக்கு முறுக்கு சுட்டா எனக்கு நெறைய எடுத்து வையி. மூணு வருசத்து முறுக்கு நான் இன்னும் திங்கல."