நல்ல நிலையில் திருப்பித் தரப்படும்

1

இந்தக் கதை நான் முன்பே எழுதிக் கொடுத்த ஒரு தாளிலிருந்து வந்தது. அதை இலக்கியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னுடைய எழுத்தால் ஒரு மனிதன் நாற்பது நாள் வேலை செய்தான் என்றால் அது அந்த ஒரு தாளால்தான்.

விஷயம் இது. ராஜபாளையத்தில் ஆறு வருடம் குடித்தனம் நடத்திய முனீஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அண்ணன் வேல்சாமி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பிறந்த வீட்டார் கல்யாணத்தில் கொடுத்த சீர்ச் சாமான் திரும்பி வர வேண்டும். சாமான் வந்து இறங்கி, பெண் கையெழுத்துப் போட்டுவிட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம். கோர்ட்டு கச்சேரியெல்லாம் அதற்குப் பிறகு ஒப்புக்கு நடப்பது.

முனீஸ்வரியின் கணவன் சிவபாண்டி ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். என்னுடைய கதைகள் நான்கு, சிறு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அதனால், "ஹரிகிருஷ்ணன் அண்ணன் நல்லா எழுதுவாரு" என்று தாளையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்கள். கட்டில், பீரோ, மிக்ஸி என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் "மேற்படி சாமான்கள் அனைத்தும் பதினைந்து நாளில் நல்ல நிலையில் திருப்பித் தரப்படும்" என்று முடித்தேன்.

"நல்ல நிலையில்" என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது இல்லாமல் வாக்கியம் சப்பென்று இருந்தது, போட்டேன்.* எல்லாரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

* கதையெழுதுகிறவனைக் கூப்பிட்டுப் பத்திரம் எழுதச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

2

இனி கதை. முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

"மேற்குத் தொடர்ச்சி மலையில் மேகம் இறங்கிய அந்த மாலையில்—" (வேண்டாம். சிவபாண்டி வீட்டு ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் தொட்டி மட்டுமே.)

"பொருட்கள் உடைவதில்லை, மனிதர்கள்தான்—" (இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.)

"மிக்ஸி ஓடவில்லை."

இது சரி. மிக்ஸி ஓடவில்லை. கிரைண்டருக்கு பெல்ட் நழுவும். டேபிள் ஃபேன் கழுத்தைத் திருப்பாது. பீரோ பூட்டுக்குச் சாவி சுற்றும், கதவு திறக்காது. சிவபாண்டி மில்லில் எட்டு மணி நேரம் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவன். ஷிப்ட்டில் ஒரு மெஷின் நின்றால் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு ஓடுவான். வீட்டில் முனீஸ்வரி ஏதாவது ஓடவில்லை என்று சொன்னால் "பாக்கலாம்" என்பான். ஆறு வருடமாக அந்த ஒரு சொல்தான்.

சண்டை கிடையாது, குடி கிடையாது. (இங்கே ஒரு குடியைச் சேர்த்தால் கதை எளிதாகிவிடும். சேர்க்க மாட்டேன், அவன் டீ கூடச் சர்க்கரை குறைவாகக் குடிப்பவன்.) பங்குனியில் ஒருநாள் குக்கரை இறக்கும்போது கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தக் கைப்பிடியில் ஸ்க்ரூ இல்லை என்று அவள் தீபாவளிக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கொதிக்கிற பருப்பு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வராமல் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

3

வேல்சாமிக்கு என் இலக்கியம் பிடித்துப்போனது. "நல்ல நிலையில்" என்ற இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஓட்டை உடைசல் வந்தால் வண்டியோடு திருப்பி அனுப்புவேன் என்று போனில் சொல்லிவிட்டார். சிவபாண்டி என்னைக் கோபமாக ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டான்.

பதினைந்து நாள் என்பது முப்பதாகி, நாற்பதானது. இரண்டு தடவை தவணை கேட்டு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போயிருந்தபோது, தரையில் தினசரியை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தான். புது ஸ்க்ரூ, புது பெல்ட், புது கேஸ்கட். அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில், பிரித்தபோது உள்ளே இருந்து வந்தவை: கொண்டை ஊசிகள், ஊக்குகள், நைட்டித் துணிக் கிழிசல், தையல் நூல், ஒரு ரப்பர் வளையம். ஃபேன் வலையை ஊக்கு மாட்டி நிறுத்தியிருந்தாள். மிக்ஸி சுவிட்சை ரப்பர் போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். இத்தனை வருடமும் வீட்டை ஓட்டியது அந்தத் தட்டில் கிடந்தது.

எனக்கு உடனே குறியீடு தெரிந்தது. சிவபாண்டிக்கு ஷாக் அடிக்கும் ஆபத்து தெரிந்தது. "கரண்ட் போற இடத்துல கொண்டை ஊசிய வச்சிருக்கா, அண்ணே" என்று சொன்னான். தட்டைத் தூக்கிக் குப்பையில் போடப் போனான், போடாமல் கீழே வைத்தான்.

[இந்த இடத்தை என் மனைவி யுவராணி படித்தாள். நம் வீட்டுக் குழாயிலும் மூன்று மாதமாகத் துணிதான் கட்டியிருக்கிறது, அதில் குறியீடு எதுவும் தெரியவில்லையா என்று கேட்டாள். இந்த அடைப்புக்குறியை எழுதும்போது பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டேன்.]

இப்போது ஒரு சந்தேகம். இவன் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சரிசெய்கிறான்? மனைவி மேல் பாசத்தாலா, மச்சினனுக்குப் பயந்தா, அல்லது நாளைக் கடத்தவா? வாசகருக்குத் தெரிய வேண்டுமே என்று நேரடியாகவே கேட்டேன். அவன், "அந்த டெஸ்டரைக் கொஞ்சம் எடுங்க அண்ணே" என்றான்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். தாளோடு நானும் ஏறிக்கொண்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முடிவை மனதிலேயே எழுதி முடித்துவிட்டேன்: அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாள், எல்லாம் ஓடும், கண் கலங்கும், அதே வண்டியில் சாமானும் அவளும் ராஜபாளையம் திரும்புவார்கள். வண்டி வாடகையிலும் லாபம்.

முதல் பாதி அப்படியே நடந்தது. வேல்சாமி வீட்டு முன்ரூமில் எல்லாவற்றையும் இறக்கினோம். முனீஸ்வரி கையில் கட்டு இல்லை, தோல் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. மிக்ஸியைப் போட்டாள், ஓடியது. ஃபேன் அறை முழுவதும் கழுத்தைத் திருப்பியது. பீரோ ஒரே திருப்பில் திறந்தது. குக்கர் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. வேல்சாமிக்கே முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை கைவேலைக்காரர்தான் என்று டிரைவரிடம் சொன்னார்.

நான் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினேன். முனீஸ்வரி அதை வாங்கவில்லை. புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"இம்புட்டும் உங்களால முடியும்ல?"

சிவபாண்டி ஃபேன் சுவிட்சை அணைத்தான்.

"ஏலாதாக்கும்னு நெனச்சேன். மில்லுல அலுத்து வாரீக, வீட்டுச் சாமான் வேலை தெரியாது போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த நெனப்புலதான் ஆறு வருஷம் ஓடுச்சு. அதையும் இன்னைக்குப் புடுங்கிட்டீக."

ஓடாத சாமானாகவே அனுப்பியிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுது ஓய்ந்திருப்பாள். சரிசெய்து அனுப்பியதால்தான் அவளுக்கு இது தெரிந்தது. அதற்குக் காரணம் நான் அழகுக்குச் சேர்த்த இரண்டு சொல்.

5

இங்கே முடிவுகள்.

முடிவு ஒன்று: சிவபாண்டி அவள் காலில் விழுகிறான். (முன்ரூமில் இடமில்லை. பீரோ அடைத்துக்கொண்டிருக்கிறது.)

முடிவு இரண்டு: அவன் வீட்டுக்கு வா என்று கூப்பிட, அவள் "பாக்கலாம்" என்கிறாள். இது பிரமாதமான முடிவு. படிக்கிறவர்கள் ஆஹா என்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை, அதனால் எழுத முடியாது.

முடிவு மூன்று: அவள் கையெழுத்துப் போட, வண்டி காலியாகத் திரும்பும் வழியில் சிவபாண்டி—

(இதை அரைவாசி எழுதினேன். அவனை நினைத்தால் எனக்கே தாங்கவில்லை.)

6

நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் எல்லாரும் இருப்பதையும் மறந்து சிவபாண்டி சொன்னான்:

"மில்லுல மெஷின் நின்னா சூப்பர்வைசர் கேப்பாருன்னு பயம். ஒங்கிட்ட அந்தப் பயம் இல்ல. நீ எங்க போயிரப் போறன்னு நெனச்சுட்டேன். அம்புட்டுதான் முனீஸ்."

நான் எழுதியிருந்தால் இவ்வளவு மோசமான ஒரு வசனத்தை அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். வேல்சாமி அடிக்கப் போவதுபோல் சட்டைக் கையை மடக்கினார். முனீஸ்வரி அண்ணனைப் பார்த்து, செத்த நேரம் வெளியே இருங்க என்றாள். என்னையும் டிரைவரையும் பார்த்தாள். நாங்களே எழுந்துவிட்டோம். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

வாசலில் நின்றோம். மூன்று பேரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல் காதை மட்டும் கதவுப் பக்கம் வைத்திருந்தோம். முதலில் அவள் குரல் வந்தது. "மொதல்ல அந்தக் குக்கரு—" என்று ஆரம்பித்தாள். அடுத்து பிளக் மாட்டும் சத்தம். கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

அரிசி இல்லாமல் வெறும் கல். கல்லோடு கல் உரசும் சத்தத்தில் மடவார் வளாகத்தில் பாதித் தெரு எட்டிப் பார்த்தது. உள்ளே அவர்கள் கத்தினார்களா, அழுதார்களா, சும்மா இருந்தார்களா, ஒன்றும் கேட்கவில்லை. "கல்லு தேஞ்சிரும்" என்று வேல்சாமி இரண்டு தடவை சொன்னார். டிரைவர் வெயிட்டிங்குக்குத் தனி என்றான். முக்கால் மணி நேரம் ஓடியது. பெல்ட் ஒரு தடவைகூட நழுவவில்லை.

பிறகு நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை நான்காவது முடிவாக இங்கே எழுதப்போவதில்லை. இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சிவபாண்டி தினமும் என் ஜன்னலைத் தாண்டித்தான் ஷிப்ட்டுக்குப் போகிறான். இதை எழுதப் போகிறேன் என்று முனீஸ்வரிக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன். எழுதுங்க அண்ணே, எல்லாத்தையும் எழுதுங்க, பேரைக்கூட மாத்த வேண்டாம் என்றாள். உள்ளே பேசியதைக் கேட்டேன்.

"அதுக்குத்தான கிரைண்டர போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.