கலகெதர பிறப்பிடம், அம்பிட்டிய வதிவிடம்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. அம்பிட்டியவில் வயதானவர்களுக்கென்று கட்டிய வாடகை வீடுகளைப் பராமரிப்பதும் அவற்றுக்கு ஆள் பிடிப்பதும்தான் என் தொழில். பெயர் றம்லத், ஊர் மடவளை. விளம்பரம் எழுதத் தெரிந்தவளுக்குக் கதை எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மலையில் மூடுபனி இறங்கிய காலையில், தனிமையில் வாடிய ஒரு முதியவள்..."

(நிறுத்திவிட்டேன். சூசையம்மா ஒருநாளும் வாடியதில்லை. மூடுபனியும் அன்று இல்லை.)

2

சூசையம்மா முன்பு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. எங்களிடம் முதலில் குடிவந்தவர். வீட்டு வாசலில் படி கிடையாது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. சாவி அவர் இடுப்பில் இருக்கும். எங்கே போனீர்கள், எப்போது வருவீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும்.

ஆனால் பார்க்க வந்தவர்கள் "பிள்ளைகள் கைவிட்ட ஆட்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு முன் நிரம்பாவிட்டால் எல்லாவற்றையும் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகளாக மாற்றிவிடுவேன் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் இராமநாதன் சொல்லிவிட்டார்.

அப்படி நடந்தால் சூசையம்மா கொழும்பிலிருக்கும் பற்றிக் என்ற மகனோடு போய் இருக்கவேண்டும். மகன் கேட்டதும் அதைத்தான். அம்மா வாடகை வீட்டில் தனியாக இருப்பது தனக்குத் தலைகுனிவு என்று அவர் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை.

"அங்க போனா நான் விருந்தாளி," என்றார் சூசையம்மா. "இங்க நான் வீட்டுக்காரி."

3

ஆகவே பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். தன் படத்தைப் போடச் சொன்னவர் சூசையம்மாதான். நீள்வட்டத்துக்குள் வேண்டும் என்றார். வாசகத்தையும் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "கலகெதரயைப் பிறப்பிடமாகவும் அம்பிட்டியவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி சூசையம்மா அவர்கள்..." பேப்பரில் மதிப்பான ஆட்களுக்கு இப்படித்தான் போடுவார்கள் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதி, "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வந்து பார்வையிடலாம்" என்று முடித்தேன்.

(வாசகரே, நீங்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். எங்கள் மடவளையில் மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். பத்திரிகையில் மரண அறிவித்தல் இதே வாய்பாட்டில்தான் எழுதப்படும் என்று நான் எங்கே கண்டேன்?)

4

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்தது. படத்தையும் முதல் வரியையும் பார்த்தவர்கள் மிச்சத்தை வாசிக்கவில்லை. மதியத்துக்குள் வாசல் முழுக்க வெள்ளை உடுப்பும் மலர்வளையமும். அவர் பிரசவம் பார்த்த தாய்மார், அந்தப் பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். கலகெதரயிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் ஒப்பாரியோடு வந்து இறங்கினார்கள்.

கதவைத் திறந்தவர் சூசையம்மா.

ஒப்பாரி பாதியில் நின்றது. வந்ததுதான் வந்தீர்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கம்பியைப் பிடித்து எழுந்து காட்டினார். மலர்வளையங்களைப் பிரித்துப் பூக்களைச் சாடியில் வைத்தார். நான் இத்தனை வருடம் விற்றதைவிட அன்று அவர் விற்றது அதிகம்.

கடைசியாக மகன் பற்றிக் வந்தார், அழுது வீங்கிய முகத்தோடு.

"தாயும் மகனும் ஒருவரையொருவர் தழுவி..."

(அடித்துவிட்டேன். தழுவவில்லை.)

சூசையம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "என் வீட்டுக்கு இப்பத்தான் மொத தடவையா வர்ற," என்றார். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

மகன் கழற்றினார். காட்டிய கதிரையில் உட்கார்ந்தார். கொழும்புக்கு வாருங்கள் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இப்போது மாதம் ஒருமுறை வருகிறார், வெளியே நின்று கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் வாடகையும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெரஹரா யானைகள் வீதிக்கு வருமுன் ஒன்றைத் தவிர எல்லா வீடுகளும் நிரம்பின. அந்த விளம்பரம் தன் யோசனை என்று இராமநாதன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அந்த வாசகம் மரண அறிவித்தலுக்குரியது என்று சூசையம்மாவுக்குத் தெரியாது.

இரண்டு: நன்றாகத் தெரியும். பத்திரிகையில் அவர் தினமும் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான். வீட்டையும் காப்பாற்றி மகனையும் வரவழைக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மூன்று: பல வருடம் கழித்து அதே படம், அதே வாசகம் மறுபடி வருகிறது. இம்முறை மெய். ஆட்கள் நம்பாமல், தேத்தண்ணி குடிக்கும் நினைப்போடு சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

மூன்றாவதை எழுதும்போது அழுதேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சூசையம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதக் கிழிச்சுப் போடு, புள்ள," என்றார். "ஒரு தடவ செத்தது போதும்."

கிழித்துவிட்டேன். மற்ற இரண்டில் எது உண்மை என்று கேட்டேன்.

"சனம் வந்துச்சில்ல?" என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போனார்.

ஆகவே எதுவென்று நீங்களே வந்து அவர் முகத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். பக்கத்து வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தேத்தண்ணி கிடைக்கும். வெள்ளை உடுத்தி வரவேண்டாம்.