கவலை இழுத்த கால்கள்

"ஏலே அழகரு, நுகத்தடிய எங்கன கழட்டிப் போட்டுட்டு வந்த?"

பலவேசம் தொடையைத் தட்டிக்கொண்டு கேட்டதும் கம்பத்துக் குஸ்திக் களமே சிரித்தது. அழகர் சிரிக்கவில்லை. அவன் கண் களத்தோரம் கட்டியிருந்த மயிலைக் காளைமேல் இருந்தது. ஜெயிப்பவனுக்கு அதுதான் பரிசு.

மாசியில், அவனுடைய கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் இரண்டு மாடுகளில் ஒன்று செத்துப்போனது. வாழை காயத் தொடங்கியது. நாற்பது நாளாக, மிஞ்சிய மாட்டுக்கு ஜோடியாக நுகத்தின் மறுபக்கம் அவனே தோள் கொடுத்துக் கிணற்று நீரை இறைத்தான். சரிவில் முன்னால் சாய்ந்து இறங்க வேண்டும். தோல்சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் வடம் தொய்யும். உடனே பின்னுக்கு நடந்து மேடேற வேண்டும். விடிந்தது முதல் வெயில் ஏறும்வரை இதே நடைதான்.

"கர்லாக்கட்டை சுத்தினாத்தான்டா பயில்வான். மாட்டு வேலை பாத்தா ஒடம்பு மரக்கட்டையாப் போயிரும்" என்றார்கள் பலவேசத்தோடு வந்த கூடலூர்க்காரர்கள். அழகருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதைவிட, புறப்படும்போது மனைவி மொக்கம்மாள் சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது.

"தோத்தாலும் வெசனப்படாதீக மாமா. நாளைக்கு நானே நுகத்துல பூட்டிக்கிறேன்."

அவள் இப்போது வண்டிமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம்.

கொட்டு நின்றது. இருவரும் தோளோடு தோள் மோதினார்கள். அழகர் தோளில் நுகம் உரித்த புண் இருந்தது. பலவேசம் அதைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அழகர் பல்லைக் கடித்தான். வலி ஏற ஏற இன்னும் முன்னால் சாய்ந்து தள்ளினான். பலவேசம் காத்திருந்ததும் அதற்குத்தான். எதிராளி முழு பலத்தோடு தள்ளும்போது சட்டென்று விலகி, அவன் குப்புற விழுந்ததும் புரட்டிப் போடுவது பலவேசத்தின் வித்தை. அந்த வருசம் மூன்று பேரை அப்படித்தான் கவிழ்த்திருந்தான்.

விலகினான்.

தோளில் பாரம் அற்றுப்போன அந்தக் கணத்தில் அழகர் எதையும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகப் பின்னுக்கு நடந்தன. ஒன்று. இரண்டு. குதிகால் மண்ணில் ஊன்றி நின்றது. கீழே விழுந்திருக்க வேண்டியவன்மேல் பாய்ந்த பலவேசம், வெறுங்காற்றைக் கட்டிக்கொண்டு தடுமாறினான். அழகர் அவன் இடுப்பை வளைத்துத் தூக்கிப் போட்டான். பலவேசத்தின் முதுகு மண்ணில் அறைந்தது.

"அவுத்துக் குடுங்கய்யா மாட்ட!" என்று யாரோ கத்தினார்கள். வண்டிமேல் மொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடியலில் இரண்டு மாடுகளும் சரிவில் இறங்கின. கூலிக்கு வந்த பேச்சிமுத்து ஓட்டினான். அழகர் வாய்க்காலோரம் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு சும்மா நின்றான். சால் ஏறித் தண்ணீரைக் கொட்டியது. வடம் தொய்ந்தது.

அழகரின் கால்கள் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தன.