சுவரில் வந்த கடல்

மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரில் கரியால் வரைந்த கடல், மூன்றாவது கூட்டத்தில் ஈரமாகி அலையடிக்க ஆரம்பித்தது. தரையில் வழிந்த தண்ணீரை ஆளுக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். வலை நிறைய மீன் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்ததால் பேச வேண்டியது நிறைய இருந்தது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டீச்சர்தான் படகுக்காரர், வலை விற்பவர், மீன் வாங்குபவர் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, எது கூடினால் எது குறைகிறது என்று அவரவர் வாயாலேயே சொல்லவைத்து, அந்தச் சுவரில் கடலை வரைந்து அம்புக்குறி போடச் சொல்லியிருந்தார். மீன் குறைந்தால் வலைக்கண் சிறுக்கிறது, கண் சிறுத்தால் குஞ்சு சாகிறது, குஞ்சு செத்தால் மீன் குறைகிறது. முதல் நாள் அடித்துக்கொள்ளாத குறை. பிறகு, அம்புகள் எல்லார் வீட்டு வழியாகவும் சுற்றி வருவதைப் பார்த்து அடங்கிப்போனார்கள்.

சுவர்க் கடல் சொன்னபடி கேட்டது. படகுகளில் பாதியை அழித்துப் பார்த்தார்கள். நாலு மீன் வந்தது. வலைக்கண்ணைப் பெரிதாக்கினார்கள், கொஞ்சம் கூடியது. மீன் முட்டையிடும் பாறைத்திட்டைச் சுற்றி வட்டம் போட்டு, இனி இங்கே வலை கிடையாது என்றதும் சுவர் முழுக்க மீன் துள்ளியது. ஐஸ்காரியின் முகத்தைப் பார்க்காமலிருக்க எல்லாரும் பாடுபட்டார்கள். அவள் ஐஸ் உடைக்கும் கொட்டகை நடத்துபவள்; அவளுடைய கணவன் அந்தத் திட்டில்தான் படகோடு மூழ்கினான். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கரை திரும்பும் படகெல்லாம் அவளுக்காக அங்கே ஒரு தடவை வலையை இறக்கிப் பார்த்துவிட்டு வரும்.

அவளுடைய கொழுந்தன் எழுந்து வட்டத்தை அழித்தான். “நீங்க வேண்டாம்னா வேண்டாம், அண்ணி. வேற ஏதாவது பாப்போம்.”

வேறு வழி உண்டா என்று அவள் டீச்சரைக் கேட்டாள். டீச்சருக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஐஸ்காரி சுவரருகே போனாள். திட்டின் மேல், தண்ணீருக்கடியில், அவள் கணவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பனியன் தோளில் கிழிந்திருந்தது. தைத்துத் தரச் சொன்னபோது நாளைக்கு ஆகட்டும் என்றிருந்தாள். மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

“இனி யாரும் வலை போட வேண்டாம். அவரு அங்கயே இருக்கட்டும்.”

கரித்துண்டை வாங்கி வட்டத்தை அவளே போட்டாள். அது கோணலாக வந்தது. பிறகு அங்கே மீன்பிடிக்கத் தடை போட்ட அரசாங்க வரைபடத்திலும் அந்தக் கோணல் அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்த வருஷங்கள் பசியோடு போயின. சில குடும்பங்கள் ஊரைவிட்டே கிளம்பிவிட்டன. பிறகு மீன் வந்தது. ஐஸ் போதாமல் கொட்டகையில் இன்னொரு மிஷின் போட்டார்கள். வேலை முடிந்ததும் அவள் சங்கத்துக்குப் போய், சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். ஒருநாள் வந்து, அவர் பின்தலை நரைத்திருக்கிறது என்று கொழுந்தனிடம் சொன்னாள்.

“அண்ணனுக்கும் வயசாகும்ல,” என்றபடி அவன் ஐஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.