மேவிஸ் சக்டன் வீட்டு டெலிபோன் பெட்டி

ஓக்கன்டேல் வெங்காயக் கண்காட்சிக்கு ஜெஃப்ரி ஹார்க்கர் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குக் கிடைத்ததே தவிர எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் எது பழையதாக இருந்தாலும் அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு வருஷமாக அவர் திருத்தப் பார்ப்பது மேவிஸ் சக்டனை.

மேவிஸுக்கு எண்பத்து நான்கு வயது. அந்தக் காலத்துப் பஸ் கண்டக்டர். கண்காட்சிக்கு முந்தைய புதன்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை அவர் வீட்டு டெலிபோன் ஓயாது. வெங்காயம், லீக்ஸ், ஊறுகாய் என்று யார் எதைப் போட்டிக்கு வைக்கிறார்களோ அதைச் சொல்வார்கள், மேவிஸ் எழுதிக்கொள்வார். நாற்பத்தொரு வருஷமாக இதுதான் முறை. ஹார்க்கருக்கோ இணையதளத்தில் ஒரு படிவம் வேண்டும்.

இந்த நேரம் பார்த்து டெலிபோன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: பழைய செம்புக் கம்பி லைன் மூடப்படுகிறது, இனி எல்லாம் டிஜிட்டல். மேவிஸ் வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. கல்லறைக்குப் போகும்வரை வாங்கப்போவதும் இல்லை.

ஹார்க்கர் ஓடோடி வந்தார். "பிராட்பேண்ட் இல்லேன்னா போனே கிடையாது, மேவிஸ். நான் தீர விசாரிச்சுட்டேன்."

"யார்கிட்ட?"

"பொதுவா விசாரிச்சேன்."

கண்காட்சிக் குழுவைக் கூட்டி ஒரு தீர்மானமும் போட்டுவிட்டார். இந்தப் புதன்கிழமை மேவிஸின் போன் வேலை செய்யாவிட்டால், அடுத்த வருஷம் முதல் படிவம்தான். நாகரிகம் கருதி யாரும் எதிர்க்கவில்லை. எங்கள் ஊரில் அநியாயங்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் நிறைவேறும்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து டோனா வந்தாள். ஐம்பது வயது, இடுப்பில் கருவிப் பை. கூடத்துச் சுவரிலிருந்த டெலிபோன் பாயின்ட்டில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினாள். பழைய போனின் வயரைப் பெட்டியின் முதுகில் செருகினாள்.

"முடிஞ்சுது கண்ணு. அதே போன், அதே நம்பர்."

எண்பத்து நாலு வயதுக்காரரைக் கண்ணு என்பது எங்கள் பக்கத்து மரியாதை.

"பிராட்பேண்ட்?"

"அது எதுக்கு உங்களுக்கு? பேசுறதுக்கு மட்டும்தானே, இந்தப் பெட்டி போதும். ஒண்ணே ஒண்ணு, இது கரண்ட்ல ஓடுது. கரண்ட் போச்சுன்னா போனும் போச்சு. அதுக்குத்தான் ஒரு பேட்டரி அடுத்த வாரம் அனுப்புவாங்க. அதுவரைக்கும் பிளக் சுவிட்சை மட்டும் அணைச்சிடாதீங்க."

இது லேசான வேண்டுகோள் இல்லை. எங்கள் ஊரில் பிளக் சுவிட்சை அணைக்காமல் அறையை விட்டு வெளியேறுகிறவன் வீட்டுக்குத் தீ வைக்கிறவனுக்குச் சமம். டோஸ்டரும் டிவியும் எஜமான் பார்வையில் இருக்கும்போது மட்டுமே உயிரோடிருக்கலாம். அன்று ராத்திரி மேவிஸ் மூன்று தடவை மாடியிலிருந்து இறங்கி வந்து, அணைக்காத சுவிட்சைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஹார்க்கர் "பார்வையாளராக" வந்தார், டை கட்டிக்கொண்டு. மேவிஸ் சமையலறையில் டீ போட்டார். பத்து மணிக்கு இருவரும் கூடத்தில் போனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

பத்து. பத்து ஐந்து. பத்துப் பத்து.

"டிஜிட்டல் யுகம், மேவிஸ். காலத்தை யாரும் நிறுத்த முடியாது." ஹார்க்கரின் குரலில் இரங்கல் கூட்டத்துக் கனிவு.

மேவிஸ் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. நாற்பத்தொரு வருஷ நோட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டு காலின் பீவர் வந்தான், வீட்டுச் செருப்போடு. "என்ன மேவிஸ், போனுக்கு என்னாச்சு? என் வெங்காயத்தைச் சொல்லலாம்னு பத்து மணிலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"டோனாவுக்குப் போன் பண்ணுடா. அவ குடுத்த கார்டு அங்க இருக்கு."

எங்கள் பள்ளத்தாக்கில் மொபைலுக்கு சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், மேவிஸ் வீட்டை ஒட்டிய சர்ச் மதில் மேல். தன் வீட்டுக்குள்ளிருந்து பேசினால் மேவிஸுக்குக் கேட்காது என்று காலின் அதில் ஏறி நின்றான். டோனா காதில் சொன்னதை அவன் தெரு முழுக்கக் கத்தினான்.

"பெட்டில லைட்டு எரியுதான்னு கேக்குறா."

"இல்ல."

"சுவிட்சு போட்டிருக்கான்னு கேக்குறா."

"அது ராத்திரி பூரா நான் காவல் காத்த சுவிட்சுன்னு சொல்லு" என்று குனிந்த மேவிஸ் அப்படியே நின்றார். சுவிட்ச் அணைந்திருந்தது.

தலையை நிமிர்த்தி ஹார்க்கரைப் பார்த்தார். ஹார்க்கர் டையைப் பார்த்தார்.

"ஜெஃப்ரி."

"நான் உள்ள வரும்போது எரிஞ்சுக்கிட்டிருந்துது. யாரும் அதுல பேசல." தொண்டையைச் செருமினார். "என்னை அறியாமலே கை போயிடுச்சு. தீ விபத்து அபாயம் இல்லையா."

"யாரு அணைச்சது?" என்றான் மதில் மேலிருந்த காலின். டோனாவும் கேட்கிறாளாம்.

"தலைவர்" என்று மேவிஸ் கத்தினார். இதற்குள் எதிர்வரிசையில் ஏழு ஜன்னல்கள் திறந்திருந்தன.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி கண் சிமிட்டியது, யோசித்தது, பச்சையானது. போன் அலறியது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த ஓக்கன்டேல் முழுவதும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. காலின் மதிலிலிருந்து இறங்குவதற்குள் ஆறு வெங்காயம், இரண்டு ருபார்ப் ஜாம், ஒரு முயல். மேவிஸால் ஒரே நேரத்தில் கேட்கவும் எழுதவும் முடியவில்லை. நோட்டை ஹார்க்கரிடம் நீட்டினார்.

"எழுதுங்க. மிஸஸ் ஹோல்ட், எலுமிச்சைக் கேக். கேக்ல ரெண்டு போட்டிப் பிரிவு இருக்கு, சின்ன கேக் பிரிவுல போடுங்க. கையெழுத்து புரியுற மாதிரி."

மாடிப்படியில் உட்கார்ந்து ஹார்க்கர் எழுதினார். நடுவே ஒருமுறை எழுந்தபோது மேவிஸ் ரிசீவரைக் கையால் பொத்தினார். "எங்க போறீங்க?"

"பாத்ரூம்."

"அங்க லைட்டை மட்டும் அணைங்க."

ஒரு மணிக்கு இருநூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் சேர்ந்திருந்தன.

"இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு" என்றார் ஹார்க்கர், விரலை உதறியபடி. "கால் மணி நேரம் போன் வேலை செய்யல. கூட்ட மினிட்ஸ் புத்தகத்துல பதியணும்."

"தாராளமா பதியுங்க. ஏன் வேலை செய்யலேன்னும் பதியுங்க. நான் வேணா சொல்லச் சொல்ல எழுதுறீங்களா? கைதான் பழகிடுச்சே."

ஹார்க்கர் நோட்டை மேவிஸிடம் திருப்பி நீட்டினார். பிறகு பேனாவை மூடினார்.

அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில் ஒரே வரிதான் இருக்கிறது: பெயர்ப் பதிவு வழக்கம்போல் மிஸ் சக்டன் வீட்டு டெலிபோனில் நடைபெறும், முன்மொழிந்தவர் தலைவர்.