மகியங்கனைக்கு அங்கால

மனைவியின் முடியை மூன்றாகப் பிரிப்பதற்குள் முகைதீன்பாவாவுக்கு இரண்டு தடவை பிடி நழுவிவிட்டது.

“ஆடாம இரி புள்ள. லொறிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிரலாம், இது ஏலாது போல.”

“நான் எங்க ஆடுறன்? ஒங்கட கைதான் ஆடுது,” என்றாள் ஸுஹைறா.

கட்டில் ஓரத்தில், நெஞ்சோடு ஒரு சின்னத் தலையணையை அணைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழும்பக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது. அறுத்துத் திறந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு பொருந்தி வரும்வரைக்கும் அப்படித்தான் என்று கொழும்பில் டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே தலை வாருவது, கால் கழுவிவிடுவது, சமைப்பது எல்லாம் முகைதீன்பாவாவின் வேலையாகிவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மகள் முஸ்பிறா வந்து செய்கிறேன் என்றபோதும் அவர் விடவில்லை. “நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிச்சுக் குடு மகள். இத நான் பாக்கிறன்.”

சம்மாந்துறை ஆலைகளிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றிய லொறியில்தான் அவருடைய வயது போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு வருவார், ஜும்ஆவுக்குப் போவார், சாப்பிடுவார், கால் நீட்டித் தூங்குவார். ஞாயிறு விடியும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், அதோடு வீடு மறுபடியும் அவளுடையதாகிவிடும். இப்போது லொறியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இருவரும் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் இருந்தது கலியாணம் முடித்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சில நேரம் அவர் அறைக்குள் வரும்போது ஸுஹைறாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு அவளுடைய நெஞ்சுக்குள் செயற்கை வால்வு ஒன்றை வைத்திருந்தார்கள். வீடு அடங்கினால் அது டிக், டிக் என்று கேட்கும். வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் இரவு முகைதீன்பாவா எழுந்து மணிக்கூடு தேடினார். விசயம் தெரிந்த பிறகு, “கேக்காட்டித்தான் எனக்கு இப்ப நித்திர வருதில்ல,” என்பார்.

பகலில் அவளுக்கு மாத்திரை மயக்கம். கண்ணைத் திறந்தபடியே தூங்குவது போல் இருக்கும். அப்போது அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தன்னுடைய பாதையைச் சொல்வார். அம்பாறை தாண்டினால் உகனை. பிறகு மகாஓயாவில் சுடுதண்ணிக் கிணறு. பதியத்தலாவையில் ஒரு தேத்தண்ணிக் கடை, அங்கே பாணும் பருப்பும் நன்றாக இருக்கும். ஆனை குறுக்கே நின்றால் விளக்கை அணைத்துவிட்டு இருக்க வேண்டும். அந்தக் குரலிலேயே அவள் உறங்கிப்போவாள். மகியங்கனையைத் தாண்டி அவள் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. “பதினெட்டு வளைவு வாறதுக்கு முதல் படுத்திருவாய். கொழும்பு போய்ச் சேர மாட்டாய் நீ,” என்று சிரிப்பார்.

பின்னல் ஒருவாறு முடிந்தது. ஒரு பக்கம் தளர்ந்து, ஒரு பக்கம் முறுகி.

“கடக்கரையில கரவல இழுக்கிறானுகள். நல்ல மீன் கிடந்தா வாங்கிட்டு வாறன்,” என்றார்.

“வாங்கி என்ன செய்ய? டொக்டர் சொன்ன உப்பில்லாத மீனாணந்தானே.”

“அதுக்கு ஒரு வழி இல்லாமலா போகும். நீ படு.”

கதவைச் சாத்தினார். “வாறன்” என்று வெளியிலிருந்து கேட்டது. செருப்புச் சத்தம் கடல் பக்கமாகப் போய் மணலில் அமுங்கியது.

அவள் தூங்கினாள். தூக்கத்துக்குள் அவள் லொறியில் இருந்தாள். நிஜத்தில் ஒருநாளும் ஏறியிராத லொறி. முன்னால் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் பாதை இருந்தது. இரண்டு பக்கமும் காடு. உகனை போயிற்று, மகாஓயா போயிற்று. சுடுதண்ணிக் கிணற்றிலிருந்து புகை எழும்பி ரோட்டைக் கடந்தது. மகியங்கனை வந்தது, அதுவும் போயிற்று. ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு. லொறி மலையில் ஏறத் தொடங்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கீழே விளக்குகள் இன்னும் சின்னதாகின. முகைதீன்பாவா கதைக்கவேயில்லை. சுக்கானில் இருந்த அவருடைய கைகளைத்தான் பார்த்தாள், அவை ஆடவில்லை.

எங்கேயோ ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. இன்னாலில்லாஹி என்று தொடங்கிய குரல் ஒரு பெயரைச் சொன்னது. லொறி முகைதீன்பாவா. அவள் அதையும் கனவோடு சேர்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்துகொண்டிருந்த நாட்களில் யார் யாருடைய பெயரையெல்லாமோ கேட்டவள்தானே.

கண் விழித்தபோது காற்றாடி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யன்னல் சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கை ஊன்றாமல் மெல்ல எழுந்து தலையணையை அணைத்தபடி கதவைத் திறந்தாள்.

வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. ஆண்களுடைய செருப்பும் பெண்களுடைய செருப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக. இவ்வளவு செருப்புக்கும் வீட்டில் சத்தமே இல்லை. மண்டபத்தில் பெண்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வை முகத்தில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

முஸ்பிறா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன அபாயாவோடேயே ஓடிவந்தாள். “உம்மா, இரிங்க. மொதல்ல இரிங்க.”

“வாப்பா எங்க?”

முஸ்பிறா தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “கடக்கரையில வெச்சு நெஞ்சடைச்சிட்டு உம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள மௌத்தாகிட்டாங்க. இஞ்ச கொண்டு வந்திட்டம். குளிப்பாட்டுறாங்க.”

ஸுஹைறா தலையை ஆட்டினாள். விளங்கிவிட்டது என்பது போலவும், இல்லை என்பது போலவும் இருந்தது அந்த ஆட்டம். மருமகன் நிப்றாஸ் போனில் டொக்டரோடு கதைத்துக்கொண்டே வந்து ஒரு மாத்திரையைத் தந்தான். விழுங்கினாள். கட்டிலில் உட்காரவைத்தார்கள்.

அழுகைச் சத்தம் இல்லாத மௌத்து வீட்டை அவள் அன்றுதான் கண்டாள். அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பின் யன்னல் வழியே கிணற்றடி தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அங்கே போய், சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி வந்ததும் அடுத்தவள் எழும்பினாள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலத் தெரிந்தது.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் அவள்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்தவள். அலுமாரித் திறப்பை முஸ்பிறாவிடம் கொடுத்தாள். சண்டை பிடித்த அயலாரிடம் குற்றம் குறையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பொருத்தம் கேட்டாள். “எனக்கு ஏதும் நடந்தா நீங்க வேற கலியாணம் முடிச்சிருங்க, ஒங்களுக்குச் சோறாக்கத் தெரியா,” என்று அவரிடம் சொன்னாள். அன்று முழுக்க அவர் அவளோடு கதைக்கவில்லை.

“கூட நிண்டது ஆரு?” என்று கேட்டாள்.

“கரவல இழுக்கிற பாண்டிருப்பு அழகரெத்தினம் மாமாதான் கொண்டு வந்தார். வெளியில நிக்கிறார்.”

“யன்னலடிக்கு வரச் சொல்லு.”

முன் யன்னலைப் பாதி திறந்தார்கள். அழகரெத்தினம் வெளியே நின்றார், அவருடைய தோள் மட்டும் தெரிந்தது. கடல் தண்ணீர் காய்ந்த சாரத்தோடு நின்றார்.

“அவர் என்ன சொன்னார், அண்ணன்?”

“ஒண்டும் சொல்லல்ல தங்கச்சி. தோணி விளிம்பில இருந்தார். உப்புப் போடாம மீன் ஆக்கினா எப்பிடி வாய்க்கு எடுபடும் எண்டு கேட்டார். தேசிக்காயும் மிளகும் கூடப் போடுங்க ட்ரைவர் எண்டன். நெஞ்சு என்னவோ செய்யிது, கொஞ்சம் இரி எண்டார். நான் தண்ணி எடுக்கத் திரும்பினன். திரும்பி வர அப்பிடியே சாஞ்சு கிடந்தார்.” அவர் குரல் தடுமாறிற்று. “கொஞ்ச நாளாக் கை நோகுது எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தவர். சுக்கான் பிடிச்ச கை, அப்பிடித்தான் இருக்கும் எண்டு அவரே சொல்லிப்போட்டார்.”

ஸுஹைறா தன் மடியைப் பார்த்தாள். ஒங்கட கைதான் ஆடுது என்று சொன்ன வாய் அவளுடையது. தலையணையை இறுக்கிப் பிடித்தாள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு கபன் துணி சுற்றி மண்டபத்தில் வைத்தார்கள். முகைதீன்பாவாவின் மூத்த சகோதரி ஸுலைஹா அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

“மொகத்தப் பாத்தா நீ தாங்க மாட்டாய் புள்ள. இதிலேயே இருந்து துஆக் கேளு. எண்ட தம்பி கோவிக்க மாட்டான்.”

“நான் பாக்கணும் மதினி.”

“டொக்டர் என்ன சொன்னார் எண்டு நிப்றாஸிட்ட கேளு. கதறி அழுதா அந்தக் கம்பி விட்டுப் போகுமாம். எண்ட தம்பி ஒன்னக் கொழும்புக்குக் கொண்டு போய் மீட்டுக் கொண்டு வந்தது இதுக்கா?”

“மாமி, அவங்க சொல்றது சரிதான்,” என்றான் நிப்றாஸ் கதவுக்கு அங்கிருந்து. “நான் வேணுமெண்டா போன்ல ஒரு படம்…”

அவன் முடிக்கவில்லை. அவனுக்கே அது கூச்சமாகப் போயிருக்க வேண்டும்.

ஸுஹைறா எழுந்து நின்றாள். “முப்பது வருசமா அவர் வாறத்தையும் போறத்தையும் நான் வாசல்ல நிண்டுதான் மதினி பாத்தன். ஒருநாளும் படுத்துக் கிடக்கல்ல. இண்டைக்குத்தானா படுத்துக் கிடக்க?”

ஸுலைஹா கதவைத் திறந்து, இனி அவளைப் பார்க்கக் கூடாத ஆண்களை வெளியே போகச் சொன்னாள்.

மண்டபத்தில் ஸுஹைறாவின் தம்பிமார் மூவரும் நிப்றாஸும் மட்டும் நின்றார்கள். சந்தனமும் கற்பூரமும் மணத்தன. அவரைக் கிடத்தியிருந்த கட்டில் தாழ்வானது. நின்ற இடத்திலிருந்து பார்க்க அந்த முகம் வெகு ஆழத்தில் கிடந்தது. அவள் குனியப் பார்த்தாள். நெஞ்சுக்குள் கம்பி பிடித்து இழுத்தது, மூச்சு நின்றது. முட்டுக்குத்தினால் கை ஊன்றாமல் எழும்ப முடியாது. முஸ்பிறா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் குனிந்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

மூத்த தம்பி பஸால்தான் முதலில் கட்டிலின் காலைப் பிடித்தார். மற்ற இருவரையும் பார்த்தார், அவர்களும் பிடித்தார்கள். நிப்றாஸ் நான்காவது காலுக்குப் போனான். பிஸ்மி சொல்லி, நான்கு பேருமாகக் கட்டிலை மெல்ல உயர்த்தினார்கள். முழங்கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. முகைதீன்பாவாவின் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

தூக்கம் கலையாத ஒரு வெள்ளிக்கிழமைக் காலை போல இருந்தது அந்த முகம். தாடியில் இன்னும் ஈரம். அவள் நெற்றியை அவருடைய நெற்றியில் வைத்தாள். கண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. அது அவர் மேல் படாமல் முஸ்பிறா துடைத்துக்கொண்டே நின்றாள். அந்த அமைதியில் அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்டது. கட்டிலைப் பிடித்திருந்த நான்கு பேரும் அதைக் கேட்டார்கள். பஸால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க போங்க,” என்றாள் அவரிடம், மிக மெல்ல. “நான் ஒண்டும் மனசில வெக்கல்ல.”

பிறகு தம்பியின் கை நடுங்குவதைக் கண்டாள்.

“போதும், எறக்குங்க. ஒங்களுக்குக் கை நோகும்.”

அஸருக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டி, பிரதான வீதியைத் தாண்டி, மையவாடிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அது போன பிறகுதான் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அழுது ஓய்ந்து, கதிரைகளை அடுக்கினார்கள். அயல் வீட்டிலிருந்து சோறு வந்தது.

ஸுலைஹா அவளுக்கு வெள்ளை உடுப்புப் போட உதவினாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியார் கண் படாமல் இத்தா இருக்கப் போகிறவளின் அறைக்கு மறைப்பு வேண்டும் என்று, வாசல் நிலையில் ஒரு வெள்ளைச் சீலையைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டாள். பழைய சீலை, கழுவிக் கழுவி மெலிந்தது. மஃரிபுக்கு நேரமானதும் முஸ்பிறா விளக்கைப் போட வந்தாள்.

“போடாத மகள். கொஞ்சம் கிடக்கட்டும்.”

கடற்காற்று எழும்பியிருந்தது. அது முன் வாசல் வழியே வந்து, ஆள் இல்லாத மண்டபத்தைக் கடந்து, அந்தச் சீலையை அறைக்குள் ஊதித் தள்ளியது. சீலை உப்பிக் கட்டில்வரை வந்து தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடியும் வந்தது.

“மூஞ்சில அடிக்குது உம்மா, கீழ ஒரு முடிச்சுப் போடுறன்,” என்று முஸ்பிறா சீலையின் நுனியைப் பிடித்தாள்.

“விடு,” என்றாள் ஸுஹைறா. “கட்டாத.”

முஸ்பிறா கையை எடுத்தாள். ஸுஹைறா கட்டிலில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். சீலை மெல்ல உப்பி, அவள் விட்ட இடத்தில் வந்து படிந்தது.