இரண்டாம் முறை கேட்கவில்லை

"அந்தச் சிவப்பு அங்கி உனக்கு எடுப்பா இருக்கும் பெரில்."

"அடப் போ நெவில். ரோட்டைப் பாத்து ஓட்டு."

"எங்க ஓட்டுறது? ஊர்வலம் போய் முடியிற வரைக்கும் வண்டி நகராது. ஆமா, ஷெரீப்புக்குப் பின்னாடி கழுத்துல சின்னச் சங்கிலியோட ஒருத்தர் போறாரே, அது யாரு?"

"ஷெரீப்போட வீட்டுக்காரர். கூடவே நடக்கணும், அதான் வழக்கம்."

"அப்போ அந்த வேலை எனக்கு. வருஷா வருஷம் இதுக்குப் பின்னாடி பஸ்ஸை நிறுத்திட்டு உக்காந்தே முதுகு போச்சு. ஒரு தடவையாவது உள்ள நடந்து பாக்கணும். நீ போய்க் கேளு."

"நானா? அதையெல்லாம் வாய்விட்டுக் கேக்கக் கூடாது. அவங்களா வந்து கூப்பிடணும்."

பல வருடங்களுக்கு முன், பெரில் ஹார்க்கர் ஆல்டர்விக் நகரசபைக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வசந்தத்தில், கணவன் ஓட்டிய பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிய பேச்சு இது. கோட்டைச் சுவரின் சரிவில் மஞ்சள் டாபடில் பூக்கள் அப்போதும் இப்படித்தான் பூத்துக் கிடந்தன. இன்று காலை நெவிலின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடும்போது, பெரிலுக்கு அந்தப் பேச்சு வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

நெவிலின் விரல்கள் இப்போது பொத்தானைப் பிடிப்பதில்லை. கை நடுக்கம் காலுக்கும் இறங்கிவிட்டது. அடுத்த வசந்தத்துக்குள் சக்கர நாற்காலி தேவைப்படும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தினமும் காலையில், செத்துப்போன நாயின் சங்கிலியைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு சமையலறையிலிருந்து வாசல்வரை நெஞ்சை நிமிர்த்தி நடப்பான்.

"எப்படி? ஷெரீப் வீட்டுக்காரர் மாதிரி இருக்கேனா?"

"காணாமப் போன நாயைத் தேடறவர் மாதிரி இருக்கே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனுக்கு முதுகைக் காட்டி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தாள்.

ஆல்டர்விக்கில் ஷெரீப் பதவிக்குப் பொதுத்தேர்தல் கிடையாது. சபையில் ஒரு கட்சிக்கு எத்தனை இடமோ அத்தனை புள்ளி ஆண்டுதோறும் அதன் கணக்கில் சேரும். அதிகம் சேர்த்த கட்சி தன் ஆளைச் சொல்லும். சொன்னதும் புள்ளிகள் கழிந்துவிடும். மறுபடி முறை வரப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதிகாரம் ஒன்றும் இல்லாத பதவிதான். அங்கி, வாள், ஊர்வலம், பள்ளிக்கூட விழாக்கள், முதியோர் இல்லங்களில் தேநீர், அவ்வளவுதான். ஆனாலும் ஊருக்காக உழைத்தவர்களுக்கு ஊர் செய்யும் மரியாதை அது. இந்த வருடம் முறை பெரிலின் கட்சிக்கு வந்திருந்தது.

ஒருமுறை அழைப்பு அவள் வீட்டுக்கே வந்ததுண்டு. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய கிரஹாம் அப்போதுதான் கட்சித் தலைவராகியிருந்தான். இதே சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்டான், "பெரில், இந்தத் தடவை ஷெரீப்பா நீங்க இருக்கீங்களா?"

பெரிலின் நெஞ்சு துள்ளியது. ஆனால் ஆல்டர்விக்கின் பழைய குடும்பங்களில் ஒரு மரியாதை உண்டு. முதல் அழைப்பை மறுக்க வேண்டும். அழைத்தவர் மறுநாள் திரும்ப வந்து கேட்பார். அப்போதுதான் தலையசைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஷெரீப்கள் எல்லாரும் அப்படித்தான் ஆனார்கள்.

"ஐயோ, எனக்கு அதுக்குத் தகுதி இருக்கா கிரஹாம்? வேற யாரையாவது பாருங்களேன்."

"அப்படியா? சரி, உங்க இஷ்டம். இந்த கேக் பிரமாதம் பெரில்!" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பெரில் இன்னொரு கேக் செய்தாள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தால், தபால்காரர்.

அன்றிலிருந்து கட்சியில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. 'பெரிலுக்கு இந்த ஆடம்பரத்தில் எல்லாம் ஆசையே இல்லை.' அதைப் பாராட்டாகவே சொன்னார்கள். அவள் குப்பைப் பிரச்சினைக்கும், வெள்ளம் புகுந்த வீடுகளுக்கும், மூடப்போகும் நூலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். முறை வந்தபோதெல்லாம் வேறு யாரோ அங்கி அணிந்தார்கள். அவர்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பது உண்மைதான். தலைவரை விருந்துக்கு அழைத்தார்கள். கோல்ப் மைதானத்தில் ஒரு வார்த்தை போட்டார்கள். கேட்காமல் கேட்கும் அந்த வித்தை பெரிலுக்குத் தெரியவில்லை.

"உன் மரியாதையைத் தூக்கி பிரிட்ஜுல வெச்சுப் பூட்டு," என்றான் நெவில் இன்று காலை, கோட்டில் கையை நுழைக்கப் போராடிக்கொண்டே. "இன்னிக்குக் கட்சிக் கூட்டத்துல கேட்டுடு."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு கௌரவமா நெவில்? பிச்சை."

அவன் நாய்ச் சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனான். கை நடுங்கி ஆணி அகப்படவில்லை. பெரில் வாங்கி மாட்டினாள். அவனைத் தனியாக விட முடியாது என்று கூட்டத்துக்குக் கூடவே அழைத்துப் போனாள்.

ஆற்றங்கரையிலிருந்த பழைய நகரமன்றத்தின் சின்ன அறையில் கூட்டம். நெவில் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"ஷெரீப் விஷயம் சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றான் கிரஹாம். "பியோனாவோட பேர்தான் எல்லாருக்கும் சம்மதம்னு நினைக்கிறேன்."

பியோனா வீடு விற்பனைத் தொழில் செய்பவள். சபைக்கு வந்து அதிக காலமாகவில்லை. கெட்டவள் இல்லை. போன மாதம் தன் தோட்டத்தில் எல்லாருக்கும் விருந்து வைத்திருந்தாள். பெரிலைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினாள்.

"வரிசைப்படி பாத்தா பெரில்தானே மூத்தவங்க?" என்று ஒருவர் இழுத்தார்.

"பெரிலா!" கிரஹாம் அன்போடு சிரித்தான். "அன்னிக்கே நேர்ல போய்க் கேட்டேனே, வேண்டாம்னுட்டாங்க. இந்த வேஷமெல்லாம் அவங்களுக்குப் பிடிக்காது. அவங்க நம்ம கட்சியோட மனசாட்சி."

"மனசாட்சிக்கு அங்கி தைக்கிற தையற்காரன் இந்த ஊர்ல ஏது?" என்றார் இன்னொருவர். அறை சிரித்தது. பெரிலும் புன்னகைத்தாள். இத்தனை வருடங்களாக அந்தப் புன்னகைதான் அவளுக்கு எதிரான சாட்சி.

கைகள் உயரத் தொடங்கின. எல்லாம் முன்பே பேசி முடித்த கைகள். இங்கே தடுக்க ஒன்றுமில்லை என்று பெரிலுக்குப் புரிந்தது.

அப்போது தாழ்வாரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஊன்றுகோல் தட்டும் சத்தம், பிறகு செருப்பு இழுபடும் சத்தம், மறுபடி ஊன்றுகோல். நெவில் நடந்து பார்க்கிறான். ஊர்வலத்துக்கு உரிய அந்த மெதுவான, நிமிர்ந்த நடை. ஓரிடத்தில் சத்தம் நின்றது. மூச்சிரைத்தது. பிறகு மறுபடி தொடங்கியது.

பெரில் எழுந்து நின்றாள்.

"கிரஹாம், நான் அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது இந்த ஊர் வழக்கத்துக்காக. மறுநாள் நீங்க திரும்ப வந்து கேப்பீங்கன்னு கேக் செஞ்சு வெச்சுக் காத்திருந்தேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கிரஹாமின் முகம் வெளிறியது.

"பெரில்… எனக்குத் தெரியாதே. இப்போ எல்லார்கிட்டயும் பேசி முடிச்சாச்சு. பியோனா வீட்டுல எல்லாரும் தயாராயிட்டாங்க."

"தெரியும். மாத்துவீங்கன்னு நான் நம்பல. ஆனா இதைச் சொல்லிடறேன். வாயைத் திறந்து கேக்கறது அசிங்கம்னு நாமளே ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். அப்புறம் மறைவாக் கேட்டவங்களுக்கே எடுத்துக் குடுக்கறோம். சும்மா இருக்கறவங்களுக்கு ஆசையே இல்லைன்னு நாமளே முடிவு பண்ணிக்கறோம். இது மரியாதை இல்லை கிரஹாம், அநியாயம். இனிமே யாரையும் இப்படி ஜன்னலோரம் உக்கார வைக்காதீங்க. யாருக்கு வேணும்னு எல்லார் முன்னாடியும் கேளுங்க. வேணும்கறவங்களும் கூச்சப்படாம எழுந்து சொல்லணும். நான் சொல்லாம இருந்தது என் தப்பு."

தூக்கிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பியோனா தலை குனிந்திருந்தாள். வெளியே ஊன்றுகோல் சத்தம் கதவருகே வந்து நின்றிருந்தது.

பெரில் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேக்கறேன். என்னை ஷெரீப் ஆக்குங்க. இந்த வருஷமே ஆக்குங்க. என் நெவிலால என் பின்னாடி நடந்து வர முடியிறது இந்த வருஷம்தான்."